உல்லிக்கு வாரம் ஒரு வேளை

1

ஜெர்மனிக்கு வந்து சரியாக இருபது ஆண்டுகள் நிறைந்த சனிக்கிழமை காலையில், என் மகள் ஐந்து ஆண்டுகளாக வளர்த்துவந்த உல்லியைக் கொன்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. குளிரில் கிடக்கிறானே என்று கொஞ்சம் கதகதப்பான இடத்தில் வைத்தேன். கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் உல்லி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடி ஜாடி, அதில் பாதி அளவுக்குப் புளித்த மாவு, அதுதான் உல்லி. இங்கே ஈஸ்ட் போடாமல் புளிப்பு ரொட்டி சுடுகிறவர்கள், ரை என்கிற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவைத்து, நாம் உறைமோர் வைத்திருப்பதுபோல எப்போதும் கைவசம் வைத்திருப்பார்கள். ரொட்டி சுடும் நாளில் அதில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்ப்பார்கள். மிச்சம் மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். நாய் பூனைக்கு வைப்பதுபோல அதற்குப் பெயர் வைக்கிறவர்களும் உண்டு. உல்லி என்பது இங்கே ஆண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர்.

பள்ளிகளையெல்லாம் மூடிவைத்திருந்த வருடத்தில் என் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. அவள் அறைக்கதவு சாத்தியே இருக்கும். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஜெர்மனில் கேட்டால் என் இலக்கணத்துக்குத் திருத்தம் மட்டும் வரும். அப்படி இருந்தவள் ஒருநாள் மாவும் தண்ணீரும் கலந்த ஜாடியோடு சமையலறைக்கு வந்து நின்றாள். பத்துப் பதினைந்து நாளில் அதில் குமிழி வந்தது. பிறகு ரொட்டி வந்தது. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "ம்" என்கிற பெண், "உல்லி எப்படி இருக்கான்?" என்று கேட்டால் கால் மணிநேரம் பேசினாள். அதனால் நான் ஐந்து வருடமாக உல்லியையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

2

போன கோடையில் அவள் பள்ளியை முடித்தாள். பல்கலைக்கழகம் அக்டோபரில்தான். நடுவில் இரண்டு மாதம் காஞ்சிபுரம் போய் அத்தையோடு தங்கப்போகிறேன் என்றாள், அதுவும் தனியாக. "பாத்தியா, ரத்தம் இழுக்குது" என்று என் மனைவி கல்பனாவிடம் சொன்னேன். இனியா அடுத்த வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள். வெயில் ஊரில் மாவு எவ்வளவு வேகமாகப் புளிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. என் அக்கா கோமளா பிள்ளையார்பாளையத்தில் இட்லி மாவுக் கடை நடத்துகிறாள். இரண்டு கிரைண்டர், ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். இரண்டு பக்கத்து வீட்டிலும் தறி ஓடும். அவளிடம் தொலைபேசியில் பேசுகிறவர்கள் கத்திப் பேசக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். இங்கே என் அலுவலகத்தில், ஊருக்குப் பேசுகிறேனா சண்டை போடுகிறேனா என்று கேட்பார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் உல்லியை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி அவளோடு காஞ்சிபுரத்துக்கு. மறு பாதி என் பொறுப்பில். அங்கே ஒன்று ஆகிவிட்டால் இங்கே ஒன்று இருக்கும் என்று கணக்கு. ஃபிரிட்ஜ் கதவில் ஜெர்மனில் ஏழு வரி எழுதி ஒட்டினாள். வாரம் ஒரு வேளைதான் சாப்பாடு. சனிக்கிழமை காலையில் வெளியே எடு. ஒரு கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடு. மாவும் தண்ணீரும் சம எடை போட்டுக் கலக்கு. மூடியை இறுக்காதே. குமிழி வந்ததும் உள்ளே வை. மேலே பழுப்புத் தண்ணீர் நின்றால் பயப்படாதே, பசிக்கிறது என்று அர்த்தம். இதற்கெல்லாம் கீழே, அடிக்கோடு போட்டு, "எதையும் மேம்படுத்த முயல வேண்டாம்" என்று ஒரு வரி. என்னைப் பற்றி அவள் இவ்வளவு யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

நான் தண்ணீர்க் குழாய் வால்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்க்கிறவன். எடை போடுவது, அளப்பது எனக்குப் புதிதல்ல. மொழிதான் இருபது வருடமாகியும் காலை வாரிவிடுகிறது. இந்தத் தாய்மாவுக்கு ஜெர்மனில் அன்ஷ்டெல்கூட் என்று பெயர். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு அங்கெஷ்டெல்டர். மதிய உணவு நேரத்தில் நான்கு பேர் நடுவில், "எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பணியாளர் இருக்கிறார், சனிக்கிழமைதோறும் சாப்பாடு கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், அவருக்கு விடுமுறை உண்டா என்று விசாரித்தார்.

3

சென்னை விமான நிலையத்தில் இனியாவின் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

"என்னம்மா இது?"

"அவன் தூங்குறான்" என்றாள் என் மகள். "ஆனா உயிரோட இருக்கான்."

அதிகாரி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "புளிச்ச மாவு. இதையா அங்கேருந்து எடுத்துக்கிட்டு வர்றே?" என்று பாவப்பட்டு அனுப்பிவிட்டாராம்.

இரண்டாம் நாளே அக்கா கூப்பிட்டாள்.

"சேகர், உன் பொண்ணு ஒரு பாட்டில் கொண்டாந்தா இல்ல? சோறு துன்ன போய் திரும்பி வரதுக்குள்ள மூடிய தள்ளிக்கினு வெளிய வந்துடுச்சுடா. அலமாரி பூரா ஒழுகுது."

"அங்க வெயில் ஜாஸ்தி அக்கா, அதான்."

"என் மாவே இப்பிடி பொங்காது" என்றாள். குரலில் கொஞ்சம் தொழில் பொறாமை இருந்தது.

இங்கே ஒரு பகல் முழுக்க ஆகும் வேலை அங்கே இரண்டு மணிநேரத்தில் முடிந்தது. உல்லிக்கு ஜாடி போதவில்லை. அக்கா மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு கொடுத்தாள். ரை மாவு தீர்ந்ததும் இனியா கோதுமை மாவு போட்டாள். தூக்கு கடை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கேதான் வாடிக்கைக்காரர்கள் காலையில் கொடுத்துவிட்டுப் போகும் தூக்குகளும் இருக்கும். அக்கா மாவு ஊற்றி வைப்பாள், அவர்கள் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மினுமினுப்பு.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எங்கள் மூவருக்கும் புரியவில்லை.

4

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஜூலை மாதம்தான், ஆனால் ஒரு வாரமாக மழை. காலையில் உல்லியை வெளியே எடுத்து, ஒரு கரண்டி வைத்துக்கொண்டு மீதியை எறிந்து, சாப்பாடு கொடுத்தேன். ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட இல்லை. அடுப்பு ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் இதமாக இருக்கும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். வைத்தேன். கல்பனா முட்டை வேண்டும் என்றாள், கடைக்குப் போனேன்.

முட்டை எதற்கென்றால், என் இருபதாம் ஆண்டுக்குக் கேக் செய்ய. கேக் செய்ய ஓவனை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். அவள் உள்ளே பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வீடு முழுக்க ரப்பர் கருகிய வாடை. ஜாடியின் வளையம் உருகியிருந்தது. உள்ளே பொன்னிறத்தில் ஒரு கட்டி. தட்டிப் பார்த்தேன், டொக்கென்றது.

"அதை ஏன் அங்க வெச்சீங்க?" என்றாள் கல்பனா.

"நீ ஏன் பாக்கல?"

"ஓவனுக்குள்ள பிராணி இருக்கான்னு பாத்துட்டா பத்த வெப்பாங்க?"

காலையில் எறிந்த மீதி நினைவுக்கு வந்தது. கீழே போய் மக்கும் குப்பைக்கான தொட்டியில் தோள்வரை கையை விட்டேன். மாடிவீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, என்ன தொலைந்தது என்று கேட்டார். மகளுடையது என்றேன். மோதிரமா என்றார். மாவு என்றேன். ஜன்னல் மூடிக்கொண்டது. மாவு கிடைக்கத்தான் செய்தது. காப்பித்தூளும் மீன்தோலும் அதோடு ஒன்றாகக் குழைந்திருந்தன. அதை என் மகளிடம் உல்லி என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பரவாயில்லை, இன்னொரு பாதி இருக்கிறது என்று கையைக் கழுவிக்கொண்டு அக்காவைக் கூப்பிடப் போனேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள். அங்கே மதியம் தாண்டியிருந்தது.

"தம்பி, உன்கிட்ட இன்னொரு பாதி இருக்குதில்ல? அதுல ஒரு கரண்டி எப்டினா அனுப்பி வையேன்."

நான் கருகிய ஜாடியைப் பார்த்தேன்.

"டேய், லைன்ல இருக்கியா?"

"அக்கா, அதையேதான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."



5

நடந்தது இதுதான். முந்தைய நாள் சாயங்காலம் நரசய்யா என்கிற வாடிக்கைக்காரர் தூக்கை வாங்க வந்திருக்கிறார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தனியாக இருக்கிறார், தோசை மட்டும் சுடத் தெரியும். அக்கா அவசரத்தில் உல்லியின் தூக்கை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் அவர் கல்லில் ஊற்றியிருக்கிறார். மதியம் கடைக்கு வந்துவிட்டார்.

"கோமளாம்மா, நேத்து குடுத்தது இன்னா மாவு? கல்லுல ஒட்டிக்கினு வரவே மாட்டேங்குது. கரண்டியே வளைஞ்சிடுச்சு. கள்ளு வாசனை வேற."

அக்கா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அவருடைய தூக்கு அங்கேயே இருந்தது.

"ஐயோ சார், மாறிப்போச்சு. அது பொண்ணோடது. குடுத்துடுங்க, ரெண்டு நாளைக்கு மாவு சும்மா தரேன்."

"எப்படி குடுக்கறது? அது சாட்சிப் பொருள். மிச்சத்தை தேதி எழுதி ஃபிரிட்ஜுல வெச்சிருக்கேன். எழுத்துமூலமா விளக்கம் குடுங்க. திருப்தியா இல்லன்னா உணவுப் பாதுகாப்புக்கு மனு போடுவேன்."

இனியா அப்போது திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயிலின் மேற்கூரை ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் திரும்பி வந்ததும் அக்கா கடையில் நடந்ததை மட்டும் சொன்னாள். உடனே எனக்குப் போன் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா, இங்க உல்லி போயிட்டான். அந்த சார் தோசை பண்ணிட்டார்." பிறகு ஒரு பெருமூச்சு. "நல்லவேளை, உங்ககிட்ட பாதி இருக்கான். இருக்கான் இல்ல?"

கல்பனா என் எதிரில் ஜாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் என் பெண் என்னை நம்பிக் கேட்ட முதல் கேள்வி என்று தோன்றியது.

"இருக்கான்மா" என்றேன்.

கல்பனா சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குக் கேக் செய்யவில்லை.

6

அந்தப் பொய்க்கு ஒரு விளைவு இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இங்கே ஒன்று பத்திரமாக இருக்கிறதென்றால் நரசய்யாவிடம் போய் இனியா ஏன் கெஞ்ச வேண்டும்? அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அப்பாகிட்ட இருக்கு அத்தை, விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தெருத்தெருவாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் மிச்சமிருந்த உல்லி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தனி மனிதரின் ஃபிரிட்ஜில், சாட்சிப் பொருளாகச் சாப்பாடில்லாமல் கிடந்தான்.

திங்கட்கிழமை அக்கா என்னைத் திட்டினாள். "அந்த ஆளு தூக்கைக் கழுவி வெச்சிடப் போறாரு. நீ பொய்யச் சொல்லிட்டு அங்க சுகமா குந்திக்கினு இருக்கே. இன்னைக்குச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நான்தான் சொன்னேன். வேலை முடிந்து டிராமிலிருந்து இறங்கி, மழையில் நிழற்குடைக்குள் நின்றுகொண்டு சொன்னேன். முதலில் ஜெர்மனில் ஆரம்பித்தேன். நடுவில் வாக்கியம் சிக்கிக்கொண்டது. தமிழுக்கு மாறி, ஓவன், விளக்கு, கேக், ஜாடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

இனியா கடைசிவரை கேட்டாள். "மேம்படுத்த முயன்றீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"ஆமாம்."

"அது பரவாயில்லை" என்றாள். "இருக்கான்னு ஏன் சொன்னீங்க?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதன்பின் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. இனி எழுதுவதெல்லாம் அக்கா சொல்லிக் கேட்டது.

அன்றைக்கே இனியா நரசய்யாவுக்குத் தமிழில் கடிதம் எழுதினாள். அவள் வாழ்நாளில் எழுதிய முதல் தமிழ்க் கடிதம் அதுதான். எங்களிடம் உதவி கேட்கவில்லை. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பொருள் என்ற தலைப்பு இல்லை, அனுப்புநர் பெறுநர் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது கடிதத்தில் அதையெல்லாம் போட்டாள். பார்வை எங்கே என்று கேட்டார். அரசாங்கக் கடிதத்தில் பார்வை என்றால் இதற்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்தின் விவரம். என் மகளுக்கு அது எப்படித் தெரியும்? மூன்றாவது கடிதத்தை அக்கா படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அப்படியே எழுதுகிறேன்:

"பொருள்: உல்லி. பார்வை: எனக்கு நன்றாக இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை. ஐயா, உங்கள் குளிர் பெட்டியில் இருப்பவர் மாவு இல்லை. மாவு சாப்பிடுபவர். அவருக்கு ஐந்து வயது. நான் பேசாமல் இருந்த போது அவரை வளர்த்தேன். என் அப்பா ஜெர்மனியில் இன்னொருவரைக் கொன்றுவிட்டார், பிறகு உயிரோடு இருக்கிறார் என்று சொன்னார். ஆகையால் இவர் ஒருவர்தான் மிச்சம். தயவுசெய்து அவருக்குப் பசிக்கும்."

படித்துவிட்டு நரசய்யா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்கு வந்தாராம்.

"கோமளாம்மா, உங்க தம்பி அங்க இன்னா பண்ணான்? யாரைக் கொன்னான்? போலீசுக்குத் தெரியுமா?"

"மாவைத்தான் சார்."

"உல்லின்னு எழுதியிருக்குது. எங்க வீட்டுல உல்லின்னா வெங்காயம். அதுல வெங்காயமே கெடையாதே."

அக்கா முதலிலிருந்து விளக்கினாள். அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிழை எதையும் காட்டவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தூக்கோடு திரும்பி வந்தார். பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் இனியாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்.

7

தூக்கின் அடியில் இரண்டு கரண்டி இருந்திருக்கும். மேலே பழுப்புத் தண்ணீர் நின்றது. இனியா அதை வடித்துவிட்டுச் சாப்பாடு கொடுத்தாள். மூன்று வேளைக்கு அசைவில்லை. நாலாவது வேளைக்குப் பொங்கி வந்ததாம். அக்கா வாடிக்கைக்காரரைப் பாதியில் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்து, "எழுந்துட்டான்டா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நான் வால்வு அளந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டேன்.

குக்கரில் விசில் போடாமல் ஒரு ரொட்டி சுட்டார்களாம். நரசய்யாவுக்கும் ஒரு துண்டு போனது. "கல்லு மாதிரி இருக்குது. ஆனா டீல தொட்டா நல்லா இருக்குது" என்று தீர்ப்பு வந்தது. கொஞ்சத்தை மொட்டைமாடியில் வெள்ளைத் துணியில் வடாம்போல மெல்லிசாகத் தடவி, ஒரே பகலில் காயவைத்து உடைத்துத் தூளாக்கினாள் இனியா. அப்படி வைத்தால் மாதக்கணக்கில் கெடாதாம், தண்ணீரும் மாவும் சேர்த்தால் மறுபடி எழுந்துவிடுமாம். இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்று அத்தைக்கு. ஒன்று இங்கே.

திரும்பி வந்தவள் ரயில் நிலையத்தில் கல்பனாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் பெட்டியைக் கொடுத்தாள். அவள் கோபம் என்மேல் எவ்வளவு நாள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்டோபரில் இரண்டு மணிநேர ரயில் தூரத்தில் இருக்கும் ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். போகும் அன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு புது ஜாடியில் பாதி உல்லி இருந்தது. சனிக்கிழமைதோறும் எடுத்தேன், கரைத்தேன், மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்பனா ஓவனைத் தொடும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இனியா கூப்பிட்டாள். அறைத்தோழி பாத்திரம் கழுவும்போது, ஏதோ கெட்டுப்போனது என்று நினைத்து ஜாடியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாளாம். அழவில்லை. "அப்பா, உங்ககிட்ட இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

"நிஜமா?"

தொலைபேசியை எடுத்துப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து வீடியோவில் காட்டினேன். ஜாடியைச் சாய்த்து, உள்ளே குமிழி தெரிகிற மாதிரி விளக்கடியில் பிடித்தேன். அவள் திரையில் முகத்தை நெருக்கி வைத்துப் பார்த்தாள்.

"காயவெச்சு ஒரு கவர்ல போட்டு அனுப்பட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். நானே வரேன்."

ஒரு கரண்டி மாவுக்காக வந்தவள் ஞாயிறு சாயங்காலம்வரை இருந்தாள். ரசம் சோறு சாப்பிட்டாள், சோபாவில் கால் நீட்டித் தூங்கினாள், எழுந்து அத்தையோடு கத்திக் கத்திப் பேசினாள். ரயிலேற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது கல்பனா, "அந்தப் பொண்ணு மறுபடியும் கழுவுவாளா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"அறைத்தோழி."

"கழுவமாட்டா. அவகிட்ட சொல்லிட்டேன்னு இனியா சொன்னாளே."

"ஆமா" என்றாள் கல்பனா. "சொல்லியிருக்க வேண்டாம்."